இரண்டரை கிராமா, மூன்றரை கிராமா

நான் பயந்தவன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் துவக்கு, நரி, பனிக்காடு என்று அடுத்தடுத்து வருவதைப் பார்த்து என்னையும் ஒரு வேட்டைக்காரன் என்று நினைத்துவிடுவீர்கள். நான் பல் கட்டுகிறவன். ஒஸ்லோவில் பல் வைத்தியர்கள் அச்செடுத்து அனுப்புவதை வைத்து, இல்லாத பல்லுக்குப் பல் செய்து கொடுப்பதுதான் இருபத்தாறு வருடமாக என் வேலை. என் மேசையில் ஒரு சின்னத் தராசு இருக்கிறது. எதையும் அதில் நிறுத்துத்தான் எடுப்பேன். எங்கள் தொழிலில் ஒரு கிராம் என்பது பெரிய சாமான்.

அந்த ஒரு கிராமுக்காக நான் துவக்குக் கடை ஒன்றில் நின்று, வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க உள்ளே வியர்த்து வழிந்தேன். கூட்டிக்கொண்டு போனவள் மகள்.

அவள் எங்களுக்கு ஒரே பிள்ளை. அப்போது இருபத்து நான்கு வயது. ஒஸ்லோவின் ஓரத்தில், ரொம்சோஸில் எங்களோடுதான் இருந்தாள். எங்கடை சனத்தின் பிள்ளைகள் டொக்டர், எஞ்சினியர் என்று படிக்கப் போக, இவள் பள்ளிக்கூடம் முடிந்ததும் வடக்கே ஒரு தங்குபள்ளியில் ஒரு வருடம் போயிருந்து மீன் பிடிக்கவும், கூடாரம் அடிக்கவும், வேட்டையாடவும் படித்துக்கொண்டு வந்தாள். பிறகு காட்டோரத்துப் பாலர் பாடசாலை ஒன்றில் வேலை. மழையோ பனியோ, பிள்ளைகளை வெளியில் வைத்தே பார்க்கிற இடம் அது. அந்தச் சம்பளத்தில் முதல் வாங்கிய பெரிய சாமான் ஒரு துவக்கு. நரி, முயல் மாதிரிச் சின்ன உயிர்களுக்கான மெல்லிய குழல் துவக்கு. பொலிஸ் அனுமதி, இரும்புப் பெட்டி எல்லாம் ஒழுங்காக எடுத்துத்தான் வாங்கினாள். அவளில் ஒரு பிழை சொல்ல முடியாது.

அவளைத் தனியே விடப் பயந்து நானும் அந்த வேட்டைப் பரீட்சைக்குப் படித்தேன். "சாகப் பயந்த மனுசன் சுடப் படிக்கப் போகுது" என்று மனைவி கனடா வரைக்கும் டெலிபோன் எடுத்துச் சொல்லிச் சிரித்தாள். சிரிக்கட்டும். முதல் தரத்திலேயே பாஸ் பண்ணினேன். ஆனால் துவக்கு வாங்கவில்லை, வாங்குகிற எண்ணமும் இல்லை. மகள் போகிற இடமெல்லாம் நானும் போவேன், தூரக்கண்ணாடியால் பார்ப்பேன், ரவை எடுத்துக் கொடுப்பேன். அவ்வளவுதான்.

கடைக்காரர் கண்ணாடியைக் கயிற்றில் கட்டி மார்பில் தொங்கவிட்டிருந்த நெடிய மனிதர். என்ன மிருகம், எவ்வளவு தூரம், தோல் வேண்டுமா என்று மூன்று கேள்வி கேட்டார். பிறகு கண்ணாடி மேசையில் இரண்டு பெட்டி வைத்தார். ரவை என்பது முழுச் சாமான். பித்தளைக் கோது, உள்ளே வெடிமருந்து, நுனியில் சன்னம். பறந்து போவது அந்தச் சன்னம் மட்டும்தான். ஒரு பெட்டியில் சன்னத்தின் நிறை இரண்டரை கிராம் சொச்சம், மற்றதில் மூன்றரை சொச்சம். கடைக்காரர்கள் நாற்பது, ஐம்பத்தைந்து என்று கிரெய்ன் என்ற பழைய நிறைக் கணக்கில்தான் கதைப்பார்கள். நான் பெட்டியின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருந்த கிராமைத் தேடிப் பார்த்தேன்.

பாரம் குறைந்தது வேகமாகப் போகுமாம். சன்னத்தின் மேலுறை மெல்லியது என்பதால் நரிக்குள் போனதும் தூளாகிவிடும், மற்றப் பக்கத்தால் வராது. நிலத்தில் பட்டாலும் தூள்தான். ஆனால் காற்று அதைத் தள்ளும். தோளெலும்பில் பட்டால் உள்ளே போகாமல் மேலாலேயே சிதறிவிடும். பாரம் கூடினது காற்றுக்கு அசையாது, எலும்பையும் உடைத்துக்கொண்டு உள்ளே போகும், நரி நின்ற இடத்திலேயே விழும். மகளின் துவக்குக் குழலுக்குள் சன்னத்தைச் சுழற்றிவிடுகிற முறுக்கு இறுக்கமானது, அதற்குப் பாரம் கூடினதுதான் ஒத்துவரும் என்றும் சொன்னார்.

"அது நரியைத் துளைத்து வெளியே போகுமா?" என்று கேட்டேன்.

"போகலாம்" என்றார், சிரித்துக்கொண்டு.

"போனால் எவ்வளவு தூரம் போகும்?"

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, அதனால்தான் பின்னால் மண் இருக்கிறதா என்று பார்த்துச் சுடுகிறோம் என்றார். எனக்கு முதுகுப் பக்கம் சேட்டு நனைந்து ஒட்டிவிட்டது. மகள் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, இரண்டிலும் ஒவ்வொரு பெட்டி வாங்கினாள். சுட்டுப் பார்த்து முடிவெடுப்பம் என்றாள்.

ஏன் அப்படிப் பயந்தேன் என்று சொல்லத்தான் வேண்டும். எனக்குப் பதினாறு வயதில், ஊரில் சண்டை நடந்த காலம், ஒரு காலை, எங்கள் ஒழுங்கை முகப்பில் யாரோ ஒரு நாயைச் சுட்டார்கள். சுட்டவர் யார், எந்தப் பக்கத்து ஆள் என்று இன்றுவரை தெரியாது. நாய்க்குத்தான் குறி வைத்தது, நாயில்தான் பட்டது. நாயைத் துளைத்த சன்னம் இரண்டு கிடுகு வேலியையும் துளைத்துக்கொண்டு வந்து, கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நின்ற அண்ணாவின் கழுத்தில் பட்டது. நான்தான் வாளி பிடித்துக்கொண்டு நின்றேன். சத்தம் வந்த பக்கம் திரும்பிவிட்டு மறுபடி பார்க்கிறேன், அண்ணா கிணற்றுக் கட்டோடு சாய்ந்து இருந்துவிட்டார், பிறகு எழும்பவேயில்லை. அன்றிலிருந்து எனக்குப் படுகிற சன்னத்தில் பயமில்லை. பட்ட பிறகும் நிற்காமல் போகிற சன்னத்தில்தான் பயம். மகளுக்கு இந்தக் கதை தெரியும். அவள் பெரியப்பாவின் படம் எங்கள் வீட்டு விறாந்தையில் தொங்குகிறது.

அடுத்த கிழமை சுடுதளத்துக்குப் போனோம். நூறு மீற்றர் தூரத்துத் தாளில் முதலில் பாரம் குறைந்ததில் ஐந்து சுட்டாள். போய்ப் பார்த்தால் ஐந்தும் என் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறி, மேலேயும் வலப்பக்கமுமாகக் கிடந்தன. பிறகு மூன்றரை கிராமில் ஐந்து. அதை ஒரு குரோன் நாணயத்தால் மூடிவிடலாம். குழலின் முறுக்கைப் பற்றிக் கடைக்காரர் சொன்னது சரிதான். மகள் துவக்கின் குறியை மூன்றரைக்கு ஏற்றபடி திருத்திப் பூட்டினாள்.

வரும்போது காருக்குள் நான் தொடங்கினேன்.

"பிள்ளை, இரண்டரை காணும். நரிதானே, யானையே சுடப்போறாய்?"

"அப்பா, கண்ணாலை பாத்தனீங்கள்தானே. அது எங்கை போகுதெண்டு அதுக்கே தெரியேல்லை."

"போற இடத்திலை நிக்குமல்லோ. மற்றது நிக்காது."

"பின்னுக்கு மண்மேடு இல்லாத இடத்திலை நான் சுடமாட்டன். பெரியப்பாவை யோசிச்சுத்தான் சொல்லுறன். உங்களுக்கு என்னிலை நம்பிக்கை இல்லையோ?"

நம்பிக்கை இருக்கு என்றேன். அதை அவள் நம்பினாள் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது.

பெப்ரவரி மாதம், ஒஸ்லோவிலிருந்து கிழக்கே ஒரு மணித்தியால ஓட்டத்தில் ஒரு செம்மறிப் பண்ணை. அதன் சொந்தக்காரி அறுபது தாண்டிய அம்மா. முந்தின வசந்தத்தில் நரி ஆட்டுக்குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று, மகளுக்குத் தன் நிலத்தில் சுட அனுமதி கொடுத்திருந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது விடிந்துகொண்டு வந்தது. குளிர் மைனஸ் பன்னிரண்டு. அந்த அம்மா கோப்பிக் கோப்பையோடு முற்றத்துக்கு வந்து, பேத்திகள் இருவரும் பள்ளி விடுமுறைக்கு வந்திருக்கிறார்கள், சாப்பிட்டுவிட்டுக் காட்டுக்கு அப்பாலுள்ள பனிச்சறுக்குத் தடத்தில் போவார்கள் என்றார்.

மகள் உடனே போனில் வரைபடத்தைத் திறந்து காட்டினாள். நாங்கள் இருக்கப்போகிற வைக்கோல் கொட்டிலிலிருந்து வயல் சரிந்து கீழே போகிறது. சுடுவது கீழ்நோக்கி. நேரெதிரே ஆற்றங்கரை மண்மேடு. சறுக்குத் தடம் எங்கள் முதுகுப் பக்கம், காட்டைத் தாண்டி. அந்த அம்மா தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கு வரைபடம் விளங்கியது. விளங்கி என்ன? பேத்திகள் என்ற சொல்லுக்குப் பிறகு என் காதில் வேறு ஒன்றும் ஏறவில்லை.

கொட்டில் சுவரோடு மகள் பாயை விரித்து, காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க நாலு அடி முன்னால் போனாள். ரவைப் பையையும், ரவை அடுக்கித் துவக்கில் பூட்டுகிற மகசீனையும் என் மடியில் வைத்துவிட்டு, "அஞ்சு போட்டு வையுங்கோ அப்பா" என்றாள். அது எப்போதும் என் வேலைதான். பைக்குள் இரண்டு பெட்டியும் இருந்தன. பாரம் குறைந்ததில் மிச்சம் இருந்ததைத் திரும்பி வரும்போது சுடுதளத்தில் சுட்டு முடிப்பம் என்று கொண்டு வந்திருந்தாள். கை தானாகப் போனது என்று சொன்னால் அது பொய். நான்தான் எடுத்தேன். இரண்டரை கிராமில் ஐந்தை எடுத்து, ஒவ்வொன்றாக மகசீனுக்குள் அமத்தினேன். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், இதற்கு நுனி கொஞ்சம் கட்டை. சுடுதளத்தில் ஒவ்வொரு ரவையையும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவள், என் கையிலிருந்து பாராமலே வாங்கிப் பூட்டினாள்.

அது எங்கே போய்ப் படும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தாளை நானும்தானே பார்த்தேன். நரி தப்பினாலும் தப்பட்டும், சன்னம் ஓரிடத்தில் நின்றால் போதும் என்று நினைத்தேன். தப்பும், அல்லது சாகும். இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது என்று நான் யோசிக்கவேயில்லை.

மகள் நரியை வரவழைக்கிற ஊதலை எடுத்து ஊதினாள். அடிபட்ட முயல் கத்துகிற சத்தம் அது. கேட்டால் ஒரு குழந்தை வீரிட்டு அழுவது மாதிரியே இருக்கும். ஊதுவாள், நிறுத்துவாள், பார்ப்பாள். கால் மணித்தியாலம் போயிருக்கும். வயலின் கீழ்க்கரையில் நரி வந்து நின்றது. வாலைத் தாழ்த்திப் போட்டுக்கொண்டு, இரண்டு அடி வைத்து, காதைத் திருப்பிக் கேட்டு, மறுபடி இரண்டு அடி. நூற்றிருபது மீற்றர் என்றேன். பக்கவாட்டாக நின்றது. பின்னால் மண்மேடு. அவள் மூச்சை விட்டு, பாதியில் நிறுத்தினாள்.

நரி உருண்டது. தன் தோளைத் தானே திரும்பிக் கடித்தது. பிறகு எழும்பி, மூன்று காலில், வயலைச் சுற்றிக்கொண்டு எங்களைத் தாண்டிக் காட்டுப் பக்கம் ஓடியது. மகள் அடுத்த ரவையை ஏற்றிக்கொண்டு திரும்பினாள். நரி நாற்பது மீற்றரில், நன்றாகத் தெரிய ஓடுகிறது. அவள் சுடவில்லை.

"பின்னுக்கு மண் இல்லை" என்று துவக்கை இறக்கினாள்.

அவள் முகத்தில் இரத்தமே இல்லை. "சரியான இடத்திலைதான் அப்பா வைச்சனான். தோளுக்குப் பின்னாலை. எனக்கு நல்லாத் தெரியும். என்ன நடந்தது?"

"அது அசைஞ்சிருக்கும் பிள்ளை" என்றேன்.

காயப்பட்டதை விட்டுவிட்டுப் போக இங்கே சட்டம் விடாது. சட்டம் விட்டாலும் அவள் விடமாட்டாள். தடத்தைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் இறங்கினோம். மூன்று பாதச் சுவடு, பக்கத்தில் நாலாவது கால் இழுபட்ட கோடு, இடையிடையே இரத்தம். முழங்கால் அளவு பனியில் இரண்டு மணித்தியாலம் நடந்தோம். நரி நீரோடையைக் கடந்து, திரும்பி வந்து, ஒரு கற்குவியலுக்குள் படுத்து, எங்கள் சத்தம் கேட்டு மறுபடி எழும்பிப் போயிருந்தது. அது படுத்த இடமெல்லாம் தட்டளவு சிவப்பு. ஒவ்வொன்றின் முன்னாலும் மகள் நின்றாள்.

"விசையை இழுக்கேக்கை கை ஆடியிருக்குமோ அப்பா? நீங்கள் பாத்தனீங்களோ?"

"நான் நரியைத்தான் பாத்தனான்."

"கனக்க யோசிச்சிட்டனோ? எனக்கு இது சரிவராதோ?"

நான் அடுத்த சுவட்டைக் கையால் காட்டினேன். சொல்லியிருக்கலாம். அவள் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பதில் எனக்குத் தெரியும். ஆனால் சொன்னால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. அவள் பின்னால் பிணம் மாதிரி நடந்தேன்.

அப்போதுதான் சிரிப்புச் சத்தம் கேட்டது. மரங்களுக்கு அப்பால், வெளிச்சமாக, சறுக்குத் தடம். நாங்கள் சுட மறுத்த பக்கம், அந்தப் பேத்திகள் போகிற பக்கம்தான் நரி எங்களைக் கொண்டுவந்து விட்டிருந்தது. ஐயோ கடவுளே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். நான் என்ன செய்தேன் என்று அந்த இடத்தில்தான் எனக்கு முழுதாக விளங்கியது. மூன்றரை கிராமைப் போட்டிருந்தால் நரி வயலிலேயே விழுந்திருக்கும். இப்போது என் பிள்ளை ஏற்றிய துவக்கோடு, இரண்டு பிள்ளைகள் வருகிற வழிக்குப் பக்கத்தில் நிற்கிறாள்.

நரி தடத்திலிருந்து முப்பது மீற்றரில், ஒரு ஊசியிலை மரத்தின் வேருக்குள் ஒடுங்கிக் கிடந்தது. வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. எங்களைக் கண்டும் எழும்பவில்லை.

"அப்பா, போய்த் தடத்திலை நில்லுங்கோ. ஆரையும் விடாதேங்கோ. நான் கூப்பிடும் வரைக்கும் அசையாதேங்கோ. கெதியா!"

ஓடினேன். விழுந்து எழும்பி ஓடினேன். தடத்தின் நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்தபோது, வளைவில் இரண்டு சிறுமிகள் சிவப்புத் தொப்பியோடு சறுக்கிக்கொண்டு வந்தார்கள். நில்லுங்கள், நில்லுங்கள் என்று கத்தினேன். நோர்வேஜிய மொழியில் கத்தினேனா தமிழில் கத்தினேனா என்று தெரியாது. அவர்கள் பயந்து நின்றுவிட்டார்கள். பனியோடு பனியாகத் தெரிய வெள்ளை வேட்டைக் கோட்டுப் போட்ட ஒரு கறுத்த மனிதன் கையை விரித்துக்கொண்டு அழுதபடி நின்றால் யாருக்குத்தான் பயம் வராது? மூத்தது சின்னதின் கையைப் பிடித்துக்கொண்டது. நான் அவர்களுக்கு முன்னால், என் முதுகால் அவர்களை மறைக்கப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நேரத்திலும் மனம் கணக்குப் பார்த்தது, மகசீனுக்குள் இருப்பது இரண்டரைதானே, தூளாகிவிடும், தூளாகிவிடும் என்று. பிறகு என் பின்பக்கம் வெடி கேட்டது.

"முடிஞ்சுது" என்று மகள் கூப்பிட்டாள்.

அவள் நரியின் பக்கத்தில் முழங்காலில் இருந்தாள். தோளில் ஒரு சாண் அகலத்துக்குத் தோலில்லை, சதை கிழிந்து எலும்பு தெரிந்தது. அதற்கு உள்ளே ஒன்றும் போகவில்லை. "மூன்றரை இப்பிடி மேலாலை சிதறாதே" என்றாள், என்னிடமல்ல, நரியிடம் கேட்பது மாதிரி. பெட்டியில் எழுதினதையெல்லாம் நம்பலாமோ என்று நான் சமாளித்தேன். மகசீனை வாங்கி, மிச்சம் மூன்றையும் பழைய பெட்டிக்குள் போட்டு மூடினேன். அதுவும் என் வேலைதானே. சுடுதளத்துக்குப் போகவில்லை, நேரே வீட்டுக்கு வந்துவிட்டோம்.

அன்று சாப்பாட்டு மேசையில், துவக்கை விற்கப் போகிறேன் என்றாள். "ஒரு உயிரை ரெண்டு மணித்தியாலம் சித்திரவதை செய்திட்டன். எனக்கு இது வேண்டாம். சனிக்கிழமை கடையிலை கொண்டுபோய்க் குடுக்கிறன்."

மனைவி கரண்டியை வைத்துவிட்டுக் கும்பிட்டாள். "சனியன் துலைஞ்சுது. பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைக்க வேணும்." நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சோறு பிசைந்தேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கக்கேடு, ஆனால் இருந்தது. அந்த இரும்புப் பெட்டி வீட்டைவிட்டுப் போகப்போகிறது. நான் செய்ய வேண்டியதெல்லாம் வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான். திங்கள், செவ்வாய், புதன் நன்றாகச் சாப்பிட்டேன்.

வியாழன் பின்னேரம் அவள் குசினியில் தாயோடு பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றாள். நான் வாசலில் சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவள் வேலை செய்கிற இடத்தில், பிள்ளைகளுக்குச் சின்னக் கத்தியால் தடி சீவப் பழக்குவது அவள்தான். ஒவ்வொரு பிள்ளையாகப் பின்னாலிருந்து கையைப் பிடித்துக் காட்டுவாள். ஒரு பிள்ளைக்கும் அதுவரை ஒரு கீறல் விழுந்ததில்லை.

"கத்தியை மற்ற ஆளிட்டைக் குடுத்திட்டன் அம்மா" என்றாள். "பிள்ளையின்ரை கையைப் பிடிக்கேக்கை என்ரை கை நடுங்குது. என்ரை கையை எனக்கு நம்பேலாமல் கிடக்கு."

சப்பாத்துக் கயிற்றோடு அப்படியே இருந்துவிட்டேன். கையை வைத்துப் பிழைக்கிறவன் நான். கையை நம்பாமல் ஒரு நாள் இருப்பது என்ன என்று எனக்குத் தெரியும். நான் முப்பத்தைந்து வருடமாகச் சுமக்கிற பயத்தை எடுத்து என் பிள்ளையின் கைக்குள் வைத்துவிட்டேன் என்று நினைக்க, துவக்கைக் கண்டு பயந்ததைவிடக் கூடப் பயந்தேன். அப்படியும் அன்று சொல்லவில்லை, வெள்ளியும் சொல்லவில்லை.

சனிக்கிழமை கடை வாசலில் காரை நிறுத்தினேன். பின் சீற்றில் உறைக்குள் துவக்கு. அவள் கதவைத் திறக்கக் கை வைத்தபோது, "பிள்ளை, நில்" என்றேன். பிறகு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். பேத்திகள் என்று கேட்டது, பைக்குள் கை விட்டது, இரண்டரையில் ஐந்து போட்டது, மிச்சத்தைத் திருப்பி வைத்தது. உன் கையில் ஒரு பிழையும் இல்லை, அது என் கை செய்த வேலை என்றேன்.

அவள் கத்துவாள், உங்களுக்கு என்ன விசரோ என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தேன், அண்ணாவைப் பற்றி. அவள் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"காட்டுக்குள்ளை நடக்கேக்கை, நான் அவ்வளவு கேள்வி கேக்கேக்கை, உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"ரெண்டு மணித்தியாலமும்?"

"ஓம் பிள்ளை."

அவள் இறங்கிக் கடைக்குள் போனாள், துவக்கை எடுக்காமல். ஒரு புதுப் பெட்டி மூன்றரையோடு வந்து ஏறினாள். வீடு வரும்வரைக்கும் அந்தப் பெட்டியைத் தன் மடியிலேயே வைத்திருந்தாள். அடுத்த கிழமை அவள் மறுபடி பிள்ளைகளுக்குத் தடி சீவக் காட்டுகிறாள் என்று மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை விடிய எழும்பி, வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, தேத்தண்ணிப் போத்தலும் கையுமாக வாசலில் நின்றேன். அவள் துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள்.

"நீங்கள் வரவேண்டாம் அப்பா. பண்ணை அம்மா என்னோடை வந்து இருக்கிறனெண்டு சொன்னவ."

"நான் ஒண்டையும் தொடமாட்டன் பிள்ளை. ரவைப் பையையே தரவேண்டாம். சும்மா பக்கத்திலை இருக்கிறன்."

அவள் குனிந்து சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டி முடித்தாள். குரலில் கோபமே இல்லை.

"அண்டைக்கும் பக்கத்திலைதானே அப்பா இருந்தனீங்கள்" என்றாள்.

கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். நான் கோட்டைக் கழற்றாமல் அவள் திரும்பி வரும்வரைக்கும் அந்த வாசலிலேயே இருந்தேன்.